மின்மினியும் பார்வையாளரும்

ஓர் இடத்தைப் பார்த்துத் திரும்புவதைவிட அங்கு நிகழ்வதில் தோய்ந்து வருவதே அனுபவச் சுற்றுலா. 1998இல் ஜோசப் பைன், ஜேம்ஸ் கில்மோர் இருவரும் ‘அனுபவப் பொருளாதாரம்’ என்ற கருத்தை முன்வைத்தனர். அதன்பின் சுற்றுலா ஆய்வு தலைகளை எண்ணுவதோடு நிற்காமல், பயணி என்ன உணர்ந்தார் என்றும் கேட்கத் தொடங்கியது. 2003இல் டாக்கர் கெல்ட்னரும் ஜொனாதன் ஹெய்ட்டும் பெருவியப்பை உளவியல் ஆய்வுப் பொருளாக்கினர். கிரகணம், துருவ ஒளி, மின்மினி எனத் தேடிச் செல்வோரைப் பற்றிய ஆய்வுகளுக்கு இது நல்ல கருவி.

ஆனால் இம்மூன்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. 2019 டிசம்பர் 26 அன்று தமிழகத்தில் தெரிந்த வளையச் சூரிய கிரகணத்தை எத்தனை பேர் பார்த்திருந்தாலும் நிலவின் பாதை மாறியிராது. மின்மினி அப்படியல்ல; பார்க்க வருபவரே அதன் பகையாகலாம்.

உலகில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேர் மின்மினி காணச் செல்கின்றனர் என்று 2021இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மெக்சிகோவின் தலாஸ்கலா காடுகளில் உள்ள இனத்தில் பெண் பூச்சிக்குப் பறக்கத் தெரியாது. அது தரையில் கிடந்தபடியே மினுக்கி ஆணுக்கு விடை சொல்லும். பாதை விலகி வைக்கும் ஒரு காலடி போதும், முட்டையோடு நசுங்கிவிடும். கைபேசி வெளிச்சமும் இந்த ஒளிப்பேச்சைக் குலைத்துவிடும். மலேசியாவின் சிலாங்கூர் ஆற்றில் மின்மினிகள் கூடுவது கரையோரத்து பெரெம்பாங் மரங்களில். ஆனால் அவற்றின் புழுக்கள் நத்தைகளைத் தின்று வளர்வது கரைக்கு உள்ளே, ஈர மண்ணில். மரத்தை விட்டுவைத்து மண்ணை அழித்தால் பயனில்லை. சுற்றுலாவியல் பட்டதாரிக்குப் பூச்சியியலும் வேண்டியிருப்பது இதனால்தான்.

அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவில் மின்மினிப் பருவத்தில் வாகன அனுமதி குலுக்கல் முறையில்தான் கிடைக்கும். டார்ச் விளக்கின்மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள்ள வேண்டும். கட்டுப்பாடு அனுபவத்தைக் கெடுக்கும் என்பது வியாபாரிகளின் அச்சம். இருள்தான் அங்கே விற்பனைப் பொருள் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

ஆய்வில் பெரிய குறை ஒன்று உண்டு. கூட்டம் வருமுன் எத்தனை மின்மினிகள் இருந்தன என்ற கணக்கு பல இடங்களில் இல்லை. ஆகவே சரிவுக்குக் காரணம் பயணிகளா, பூச்சிக்கொல்லியா, தெருவிளக்கா என்று பிரித்துச் சொல்வது கடினம். மின்மினிகள் ஒருங்கே மினுங்கும் ஆனைமலைக் காடுகளில் அந்தக் கணக்கை இப்போதே எடுத்து வைக்கலாம்.