உங்கள் இணையப் பெயருக்கு வில்லங்கம் பார்த்தீர்களா?

மாமல்லபுரத்தில் ஐந்து ரதம் போகிற வழியெல்லாம் உளிச் சத்தம் கேட்கும். அந்தக் கற்சிற்பங்களுக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று பட்டறைக்காரர்கள் பலர் சொந்தமாக இணையதளம் வைத்திருக்கிறார்கள். கடல் தாண்டி ஆர்டர் வருவது மின்னஞ்சலில்தான். கோவளத்தில் அலைச்சறுக்கு கற்றுத்தருகிறவர்களுக்கும் ஈசிஆர் ஓரத்து விடுதிக்காரர்களுக்கும் இதே கதைதான். "கொட்டேஷன் அனுப்பினேன், ஸ்பேமில் போய் விழுந்துவிட்டதாம்" என்று இவர்களில் யாராவது அலுத்துக்கொண்டால், முதலில் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. டிஎன்எஸ் டெக்ஸ்ட் ரெக்கார்டு.

டிஎன்எஸ் என்பது இணையதளத்தின் பெயரைச் சொன்னால் அதற்குரிய எண் முகவரியைத் தரும் ஏற்பாடு. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தது. 1987-இல் அதன் விதிகளைத் திருத்தி எழுதியபோது, வெறும் எழுத்துக் குறிப்பு வைக்கவும் ஓர் இடம் விட்டார்கள். அதுதான் டெக்ஸ்ட் ரெக்கார்டு. செங்கல்பட்டுப் பக்கம் மனை வாங்குகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் வில்லங்கம் உண்டா என்று ஈசி போட்டுப் பார்ப்பார்கள் இல்லையா? அந்த மாதிரி இதையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். எழுதும் உரிமை மட்டும் பெயரை வைத்திருப்பவருக்கே. இந்தத் தளம் உங்களுடையதுதானா என்று கூகுள் சோதிப்பதும் இப்படித்தான். நீளமான ஒரு குறியீட்டைக் கொடுத்து, இதை உங்கள் டெக்ஸ்ட் ரெக்கார்டில் போடுங்கள் என்று சொல்லும்.

மின்னஞ்சலுக்கு வருவோம். 1982-இல் எழுதிய அடிப்படை விதியில், அனுப்புநர் சொல்லும் முகவரி உண்மையா என்று சரிபார்க்க வழியே இல்லை. உங்கள் விடுதியின் பெயரில் எவனோ ஒருவன் சுற்றுலாப் பயணிக்கு எழுதி முன்பணம் கேட்கலாம். இதைத் தடுக்க டெக்ஸ்ட் ரெக்கார்டில் வைக்கும் மூன்று குறிப்புகள் உண்டு. என் பெயரில் எந்தெந்த சர்வர் அஞ்சல் அனுப்பலாம் என்பதைச் சொல்வது எஸ்பிஎஃப். அஞ்சலில் உள்ள கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவியைத் தருவது டிகேஐஎம். இரண்டிலும் தேறாத அஞ்சலை என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் எல்லா அனுப்புநரிடமும் முதல் இரண்டில் ஒன்றாவது கேட்கின்றன. ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000 அஞ்சலுக்கு மேல் அனுப்பினால் மூன்றும் வேண்டும்.

கூகுளின் வணிக மின்னஞ்சல் வைத்திருப்பவருக்கு எஸ்பிஎஃப் வரி எப்படி இருக்கும்? வாசிக்கிறேன்: வி, சமக்குறி, எஸ்பிஎஃப்1. ஓர் இடைவெளி. இன்க்ளூட், கோலன், அண்டர்ஸ்கோர் எஸ்பிஎஃப் டாட் கூகுள் டாட் காம். ஓர் இடைவெளி. டில்டே, ஆல். கடைசித் துண்டின் பொருள், மற்ற இடங்களிலிருந்து வந்தால் சந்தேகப்படு என்பது. வேறு நிறுவனத்தின் அஞ்சல் என்றால் நடுத்துண்டு மாறும். அதை அவர்களிடமே கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் இணையப் பெயரை வாங்கிய நிறுவனத்தின் தளத்தில் டிஎன்எஸ் பக்கத்தைத் திறந்தால், வகை, ஹோஸ்ட், மதிப்பு என்று கட்டங்கள் இருக்கும். வகையில் டெக்ஸ்ட், மதிப்பில் அந்த வரி. ஹோஸ்ட் கட்டத்தில் பெரும்பாலும் அட் குறி ஒன்றே போதும். அங்கே முழுப் பெயரையும் அடித்தால் சில தளங்களில் பெயர் இரண்டு முறை ஒட்டிக்கொள்ளும். ரெக்கார்டு இருந்தும் இல்லாத கணக்குதான். இன்னொன்று, எஸ்பிஎஃப் வரி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். செய்திமடல் அனுப்ப இன்னொரு நிறுவனத்தைச் சேர்க்கிறீர்களா? இருக்கிற வரிக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். இரண்டாவது வரி போட்டால் இரண்டும் செல்லாது.

இத்தனையும் அரைமணி நேர வேலை, கடவுச்சொல் கையில் இருந்தால். பல கடைகளில் அது இருப்பது தளம் செய்துகொடுத்த பையனிடம். அவன் வேறு வேலைக்குப் போய் வருடக்கணக்காகியிருக்கும். ஆகவே இன்றைக்கே விசாரியுங்கள்: உங்கள் இணையப் பெயர் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? உங்கள் பெயரில் இல்லையென்றால், ரெக்கார்டைத் தொடுவதற்கு முன் அதை மாற்றி வாங்குங்கள்.