‘போதும்மா’ என்று சொல்வதற்கு முன்

(மகளிர் தினத்தையொட்டி நம் குடியிருப்பின் மொட்டை மாடியில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, “பத்து நிமிஷம் பேசுங்க மாமி, அதுக்கப்புறம் சுண்டல்” என்றார். சுண்டல் ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

2001 பிப்ரவரியில் நீங்கள் எல்லாம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? நான் இதே மயிலாப்பூரில், என் பெண்ணைப் பொதுத்தேர்வுக்குப் படிக்கச் சொல்லி விரட்டிக்கொண்டிருந்தேன். அதே மாதத்தில் நம் சென்னையில்தான் பெண்களுக்கான முதல் தேசிய குத்துச்சண்டை சாம்பியன்ஷிப் நடந்தது. நம்மில் யாராவது போய்ப் பார்த்தோமா? அப்படி ஒன்று நடந்ததே எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். அந்தப் போட்டியில் மணிப்பூரிலிருந்து வந்த பதினெட்டு வயதுப் பெண் ஒருவர் தங்கம் வென்றார். அவர்தான் மேரி கோம்.

குத்துச்சண்டை என்றாலே நமக்கு வட சென்னை ஞாபகம் வரும். சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று சினிமா பார்க்காதவர்கள்கூட இப்போது பேசுகிறார்கள். ஆனால் அந்தப் பரம்பரைகள் ஆண்களுடையவை. பெண்கள் கையுறை மாட்டுவதை நம்மில் பலர் திரையில் முதலில் பார்த்தது 2016-இல் வந்த ‘இறுதிச்சுற்று’ படத்தில்தான் இருக்கும். அதற்குப் பதினைந்து வருஷம் முன்பே நம் ஊருக்கு வந்து ஜெயித்துவிட்டுப் போனவர் இந்தப் பெண்.

மேரி பிறந்தது மணிப்பூரில், லோக்தாக் ஏரிக்கு அருகிலுள்ள மொய்ராங் பக்கத்துக் கிராமமான காங்கத்தேயில். கோம் என்பது அவருடைய பழங்குடியின் பெயர். மணிப்பூரிலேயே மிகச் சிறிய பழங்குடிகளில் ஒன்று. பெற்றோர் அடுத்தவர் நிலத்தில் உழைத்தவர்கள். வீட்டில் மூத்த பெண் என்பதால் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வதும் வயல் வேலையும் இவர் பொறுப்பு. பள்ளியில் ஈட்டி எறிவார், 400 மீட்டர் ஓடுவார். 1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மணிப்பூரின் டிங்கோ சிங் குத்துச்சண்டையில் தங்கம் வாங்கியதும் அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அந்த ஆட்டத்தின் மேல் மோகம் பிறந்தது. மேரிக்கும்தான். இம்பாலுக்குப் போய்ப் பயிற்சியில் சேர்ந்தார். வீட்டில் சொல்லவில்லை.

அப்பாவுக்குத் தெரிந்தது எப்படி? 2000-இல் மாநிலப் போட்டியில் ஜெயித்ததும் செய்தித்தாளில் படம் வந்துவிட்டது. அவரும் இளவயதில் மல்யுத்தம் செய்தவர்தான். ஆனாலும் பயந்தார். முகத்தில் அடிபட்டால் பெண்ணுக்கு எப்படிக் கல்யாணம் ஆகும் என்பது அவர் கவலை. இந்தக் கவலையைக் கேட்டுச் சிரிக்க எனக்கு வாய் வரவில்லை. “வெயில்ல ஆடி ஆடிக் கறுத்துப் போயிட்டே, யார் வருவா?” என்று நானே சொல்லியிருக்கிறேன்.

மேரி கோமின் வாழ்க்கையைப் படித்தபோது எனக்கு ஒன்று பட்டது. ‘போதும்’ என்று நிறுத்திக்கொள்ள அவருக்கு மூன்று முறை நல்ல காரணம் கிடைத்தது. அப்பாவின் பயம் முதல் காரணம். அப்பா மனம் மாறினார், பெண் தொடர்ந்தார். சென்னையில் ஜெயித்த அதே வருஷக் கடைசியில் அமெரிக்காவின் ஸ்கிராண்டனில் பெண்களுக்கான முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. அதில் வெள்ளி. மறு வருஷம் துருக்கியின் அன்டால்யாவில் தங்கம். 2005-இல் ரஷ்யாவில் தங்கம். 2006-இல் டெல்லியில் தங்கம். அந்த டெல்லி போட்டியில் சரிதா தேவி, ஜென்னி, கேரளத்தின் லேகா ஆகிய மூவரும் தங்கம் வாங்கினார்கள். ஆனாலும் அவர்களை நாம் தெருவில் பார்த்தால் அடையாளம் கண்டிருக்க மாட்டோம்.

இரண்டாவது காரணம் நமக்கு நன்றாகத் தெரிந்தது. 2005-இல் கல்யாணம், 2007-இல் இரட்டைப் பிள்ளைகள். மூன்று முறை உலக சாம்பியன், பத்மஸ்ரீயும் வந்தாயிற்று. இனி வீட்டைப் பார்த்துக்கொண்டால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் மேரி 2008-இல் திரும்பி வந்தார். பிள்ளைகளுக்குச் சுமார் பதினைந்து மாதம் ஆனபோது சீனாவின் நிங்போவில் நான்காவது முறையாக உலகத் தங்கம் வென்றார். 2010-இல் பார்படோஸில் ஐந்தாவது.

கைக்குழந்தைகளை விட்டுவிட்டு ஒரு தாய் பயிற்சி முகாமுக்குப் போக வேண்டுமென்றால் வீட்டில் யாராவது அந்தக் குழந்தைகளைத் தூக்கிக்கொள்ள வேண்டும். அந்த வருஷங்களில் கணவர் ஓன்லர் அதைச் செய்தார். பிற்காலத்தில் அவர்கள் பிரிந்துவிட்டார்கள், அது அவர்கள் சொந்த விஷயம். பதக்கப் பட்டியலில் மேரியின் பெயர் மட்டும்தான் இருக்கும். ராத்திரி பால் கரைத்தவர் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது.

பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 2012 லண்டனில். ஆண்களுக்குப் பத்து எடைப் பிரிவுகள், பெண்களுக்கு மூன்றே மூன்று. அதில் மிகக் குறைந்ததே 51 கிலோ. மேரி உலகத் தங்கங்களை வாங்கியதெல்லாம் 48 கிலோவிலும் அதற்குக் கீழேயும். அதாவது தன்னைவிட உயரமும் எடையும் கூடின பெண்களோடு மோத வேண்டும். இல்லாவிட்டால் ஒலிம்பிக்கே கிடையாது. அவர் எடையைக் கூட்டிக்கொண்டு போனார். முதல் ஆட்டம் ஆகஸ்ட் 5, அன்றுதான் இரட்டைப் பிள்ளைகளின் ஐந்தாவது பிறந்தநாள். போலந்துக்காரரை 19-14 என்று ஜெயித்தார். அடுத்து துனிசியப் பெண்ணை 15-6. அரையிறுதியில் இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்ஸிடம் 6-11 என்று தோற்று வெண்கலத்தோடு ஊர் திரும்பினார்.

மூன்றாவது காரணம் வயது. 2013-இல் மூன்றாவது பிள்ளை. மறு வருஷமே இஞ்சியான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம். 2018-இல் போலந்தில் ஒரு போட்டி. விடிகாலை மூன்று மணி வாக்கில் போய் இறங்குகிறார், ஏழரைக்கு எடை பார்க்க வேண்டும், இரண்டு கிலோ கூடுதலாக இருக்கிறார். நம்மை மாதிரி ஆட்களாக இருந்தால் போர்த்திக்கொண்டு தூங்கியிருப்போம். அவர் ஒரு மணி நேரம் விடாமல் ஸ்கிப்பிங் ஆடி எடையைக் குறைத்து, அந்தப் போட்டியிலும் தங்கம் வாங்கினார். அதே வருஷம் நவம்பரில் டெல்லியில், உக்ரைனின் ஹன்னா ஒகோட்டாவை 5-0 என்று வென்று ஆறாவது உலகத் தங்கம். ஆறு முறை வென்ற முதல் பெண் அவர்தான். ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் இடையில் எட்டு வருஷம்.

2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மன்பிரீத் சிங்கோடு சேர்ந்து தேசியக் கொடி பிடித்து நடந்தார். கொலம்பியாவின் இங்ரிட் வலென்சியாவிடம் 2-3 என்று தோற்றார். அதுதான் அவருடைய கடைசி ஒலிம்பிக் ஆட்டம். இருபது வருஷம் கழித்து ரிங்கில் நின்றே ‘போதும்’ என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது.

இப்போது நம் வீட்டுக் கதை. என் பெண் த்ரோபால் ஆடுவாள். பள்ளி அணியில் இருந்தாள். பத்தாம் வகுப்பு வந்ததும் நான்தான் நிறுத்தினேன். “போதும்மா, படிப்பைப் பாரு” என்றேன். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. பையில் இருந்த ஜெர்சியைத் துவைத்து மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள். நன்றாகப் படித்தாள், நல்ல வேலையில் இருக்கிறாள், ஒரு குறையும் இல்லை. ஆனால் போன வருஷம் ஒரு நாள் போனில், “அம்மா, ஒரு வருஷம் விட்டிருந்தா நானே நிறுத்தியிருப்பேனோ என்னவோ. அது தெரியாமலே போச்சு” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உலக சாம்பியன் ஆகியிருப்பாள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆகியிருக்க மாட்டாள். தன் ஆட்டத்தைத் தானே முடித்துக்கொள்ளும் வாய்ப்பை நான் பிடுங்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கீழே நம் பேட்மின்டன் கோர்ட்டைப் பாருங்கள். பத்து வயது வரை பையன்களும் பெண்களும் பாதிக்குப் பாதி. பதினான்கு, பதினைந்து வயதில் எத்தனை பெண்கள் என்று எண்ணுங்கள். நான் போன வாரம் எண்ணினேன். ஒரே ஒருத்தி. மற்றவர்கள் எல்லாம் மாடியில்தான் இருக்கிறார்கள், டியூஷனில் இருக்கிறார்கள், “பெரிய பசங்க விடமாட்டேங்கறாங்க ஆன்ட்டி” என்கிறார்கள்.

சங்கத்திடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். ஆறிலிருந்து ஏழு வரை கோர்ட் பெண்பிள்ளைகளுக்கு என்று நோட்டீஸ் போர்டில் எழுதுங்கள். கோர்ட்டின் பின்பக்க விளக்கு ஆறு மாதமாக எரியவில்லை, அதை மாற்றுங்கள். மெயின்டனன்ஸ் கணக்கில் இது பெரிய செலவு இல்லை.

அப்பா அம்மாக்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் பெண் கையில் ராக்கெட்டோ கையுறையோ எதுவாவது இருக்கும்போது ‘போதும்மா’ என்று வாய் வரை வரும். வரத்தான் செய்யும், பாசத்தில்தான் வரும். அந்த நேரத்தில் “உனக்குப் போதுமா?” என்று கேளுங்கள். பதிலை அவள் சொல்லட்டும்.

சுண்டல் ஆறிவிட்டது என்று நினைக்கிறேன். மன்னிக்கணும்.