நின்று காணும் ஊர்



சிற்றூரைப் பாடாத தமிழ்க் கவிஞர் அரியர். பாடிய ஊரில் ஓர் இரவேனும் தங்கியவர் எத்தனை பேர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. திருவிழாவுக்குக் காலையில் சென்று மாலைப் பேருந்தில் திரும்புவோரின் கவிதைகளில் அதே ஆலமரமும் அதே குளமும் அதே பாட்டியும் மீண்டும் மீண்டும் வருகின்றனர். கண்டு எழுதியவை அல்ல அவை. போகும்போதே மனத்தில் கொண்டுபோனவை.

ஊரில் பொறுத்திருந்து பெறும் பயனுக்கு உ. வே. சாமிநாதையரின் வாழ்வே சான்று. 1887இல் அவர் பதிப்பித்த சீவக சிந்தாமணியில், இடையன் வெட்டிய மரம் உவமையாக வருகிறது. நூலையும் உரையையும் பலகால் பயின்றும் விளங்காத அந்த உவமை, ஊர்வழக்கு அறிந்தவர் வாய்ச்சொல்லால் அவருக்கு விளங்கிற்று. 'இடையன் எறிந்த மரம்' என்று ஒரு கட்டுரையே அதுபற்றி எழுதினார். ஆடு மேய்ப்பவர் கிளையை முற்றாக வெட்டி வீழ்த்துவதில்லை. பட்டையும் சிறிது மரமும் ஒட்டியிருக்கும்படி வெட்டிச் சாய்ப்பார். ஆடுகள் எட்டித் தழை தின்னும். கிளையும் பட்டுப்போகாது, மறுபடி தளிர்க்கும். 'இடையன் வெட்டு அறாவெட்டு' என்னும் பழமொழி பிறந்தது இவ்வாறே. சாகவும் இயலாமல் செழிக்கவும் இயலாமல் நிற்கும் அந்த மரத்தைக் கண்ட பிறகே உவமையின் துயரம் முழுமையாகப் புலப்படும்.

பத்துப்பாட்டு ஏடு தேடி ஆழ்வார்திருநகரிக்கு அவர் சென்றபோது, கவிராயர் வீடுகளில் தேடியது கிட்டாமல் மனம் தளர்ந்தார். ஆயினும் உடனே ஊரை விட்டுப் புறப்படவில்லை. உறவினர் வீட்டிலிருந்த ஏட்டைக் கவிராயர் ஒருவர் இரவில் கொண்டுவந்து தந்தார். 1889இல் பத்துப்பாட்டு அச்சேறியது. கரிவலம்வந்தநல்லூரிலோ நிலைமை வேறு. அவர் போய்ச் சேருமுன் அங்கிருந்த ஏடுகள் வேள்வித் தீக்கு இரையாகியிருந்தன.

இன்று அழிந்துவருவன ஏடுகள் மட்டும் அல்ல. கிடை மறித்தல், துரட்டி, கீதாரி என்னும் சொற்களுக்குப் பின்னால் ஒரு தொழிலின் அறிவே நிற்கிறது. அறுவடை முடிந்த வயலில் இரவில் ஆடுகளை அடைத்து, புழுக்கையாலும் மூத்திரத்தாலும் நிலத்துக்கு உரமேற்றி, பின்னர்க் கிடையை அடுத்த இடத்துக்கு மாற்றுவதே கிடை மறித்தல். பகலில் வந்து போவோர் அதைக் காண்பது அரிது. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி அளிக்க முடிந்ததற்குக் காரணம், அவர் அச்சொற்களின் நடுவே வாழ்ந்ததே.

நிதானம் ஊரை அழகாக மட்டும் காட்டுவதில்லை. தேநீர்க்கடையில் ஐந்து நிமிடம் நிற்பவர் தேநீரின் சுவையையே அறிவார். நாள்தோறும் வந்து அமர்பவரோ, எவர் பெஞ்சில் உட்காருகிறார், எவர் ஒதுங்கி நிற்கிறார் என்பதையும் காண்பார். தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, சுடுகாட்டுக்கு எத்தனை பாதைகள் என்பதெல்லாம் மெல்லவே புலப்படும். அவற்றை அறியாமல் ஊரைப் போற்றும் கவிதை, ஊரில் பாதிப்பேரை நீக்கிவிட்டுப் பாடுவதாகும்.

வழி கடினமானதன்று. பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்தே செல்லலாம். போனவுடன் கேள்விகளை அடுக்காமல், முதியவர் தாமாகப் பேசத் தொடங்கும்வரை திண்ணையில் காத்திருக்கலாம். அவர் பேச்சு நின்றால், அந்த மௌனத்தையும் பொறுக்கலாம். களத்தில் வேலை நடந்தால் இயன்ற உதவி செய்யலாம். குறிப்பேட்டை உடனே எடுக்காமல், கேட்ட சொல் யார் வாயில் எந்த வேலையின்போது வந்தது என்பதை மனத்தில் இருத்தலாம். ஒரே ஊருக்கு மழைக்காலத்திலும் கோடையிலும் திரும்பச் செல்வது, பத்து ஊர்களை ஒரு நாளில் சுற்றுவதினும் மேலானது.

மன்றம் பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கிறது. உறுப்பினர் ஒவ்வொருவரும் ஓர் ஊரைத் தேர்ந்து, ஆண்டுக்குள் சில இரவுகள் அங்கே தங்கி, எந்த நூலிலும் படித்திராத ஒரு சொல்லையேனும் அதன் பொருளோடு கொண்டுவந்து இந்த அவையில் வைப்பாராக. அடுத்த மலரின் கவிதைகள் அங்கிருந்து தொடங்கட்டும்.