சட்டாம்பிள்ளையும் சர்வகலாசாலையும்

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வீதியிலே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் அமைந்திருக்கிறது. 2005ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அங்கே போதனை ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. தோட்டப் பாடசாலையில் தமிழிலே கற்று அங்கு நுழையும் மாணவி ஒருத்தியை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். விரிவுரை விளங்கவில்லை, எழுந்து கேட்கவோ நா எழவில்லை. ஆனால், ஓராண்டு மூத்த அக்கா ஒருத்தியிடம் அவள் தயங்காமல் கேட்பாள். சென்ற ஆண்டு அதே இடத்தில் இடறியவள் அல்லவா அந்த அக்கா!

திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை இத்தகையவனே. சென்னை எழும்பூரில் இராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் ஆசிரியர்கள் அம்முறைக்கு இணங்காமையால், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடமே எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட அறிக்கையின்பின், 'சென்னை முறை' இங்கிலாந்தெங்கும் பரவிற்று.

பரவியது செலவு குறைவு என்பதனாலும்தான். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஆசிரியர் ஒருவரே போதும் என்றார்கள். கல்வி வெறும் ஒப்புவித்தலாயிற்று. ஊவாத் தோட்டங்கள் இக்குறையை நன்கு அறியும். ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், பல வகுப்புகள். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும். 1945இல் வந்த இலவசக் கல்வியின் முழுப் பயன் தோட்டங்களை எட்டவில்லை. அப்பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில்தான். ஆசிரியருக்குப் பதிலாக மாணவனை நிறுத்துவது வறுமையின் ஏற்பாடு.

ஆசிரியருக்குத் துணையாக நிறுத்துவது வேறு. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2003 முதல் நடைபெறும் திட்டத்தில், துணைமாணவர் வாரந்தோறும் விரிவுரையாளருடன் கூடிப் பாடத்தை ஆராய்கின்றனர். கற்பிக்கும் முறையைத் தனிப் பாடமாகவே பயில்கின்றனர். வகுப்பிலே சிறு குழுக்களிடையே அமர்ந்து, விடையைச் சொல்லாமல், வினாக்களால் வழிகாட்டுகின்றனர். அப்பணிக்கு ஊதியமும் உண்டு.

இலங்கையில் இதற்கு மற்றொரு தேவையும் இருக்கிறது. பகிடிவதையை 1998ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தும், மூத்த மாணவர் என்றால் அஞ்சும் புதுமுகங்கள் இன்னும் உளர். மூத்தவரைப் பாடக்குறிப்போடு சந்திக்கும் வாய்ப்பை விரிவுரை மண்டபமே அளிக்கலாம். அதற்கு ஊதியத்தை மட்டும் மறந்துவிடலாகாது. கொழுந்து பறிக்கும் தாயின் மகளுக்கு மாலை நேரமும் பணமதிப்புடையது. இலவச சேவையாக அதனைக் கேட்டால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே துணைமாணவராக முன்வருவர். அந்த அக்கா வரமாட்டாள்.