தோள் மாற்றிச் சுமப்போம்

(லிங்கநகர் ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் நம் குறையொன்றை ஒளிவின்றிப் பேசவேண்டும். எல்லாப் பணிகளையும் நம்மிற் சிலரே சுமக்கின்றோம். அச்சிலரும் இன்று களைத்துப் போயினர்.

1961ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் நாள் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன் தமிழரசுக் கட்சி சத்தியாக்கிரகத்தைத் தொடங்கியது. அது நம் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் பரவி, ஏறத்தாழ 8 வாரங்கள் நீடித்தது. எங்ஙனம் நீடித்தது? ஊர் ஊராக மக்கள் வந்தமர்ந்தனர். பெண்களும் திரளாகப் பங்குகொண்டனர். உடல் நலங்குன்றிய செல்வநாயகம் தலைமை தாங்கினார். ஆயினும் பாரம் முழுவதும் அவர் தோளில் ஏற்றப்படவில்லை.

ஏப்ரல் 17ஆம் நாள் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. தலைவர்கள் கைதாகிப் பனாகொடை இராணுவ முகாமில் தடுத்துவைக்கப்பட்டனர். சத்தியாக்கிரகமும் கலைக்கப்பட்டது. படைபலத்தின் முன் வேறென்ன செய்திருக்க இயலும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. எனினும், முதல் வரிசை அகற்றப்படும் நாளுக்கென இரண்டாம் வரிசையை முன்னரே பழக்கவேண்டும் என்பதே நாம் கற்கும் பாடம்.

வழக்கறிஞர் நோயுற்றால், வழக்குக் குறிப்புகள் ஒழுங்காயிருப்பின், பிறிதொருவர் எழுந்து வாதாடுவார். வாய்க்கால் நீரையும் உழவர் முறைவைத்தே பாய்ச்சுகின்றனர். நமக்கும் அம்முறை வேண்டும். ஒவ்வொரு பொறுப்புக்கும் இருவர் இருக்கட்டும். முடிவுகள் எழுத்தில் இருக்கட்டும். விதைப்பிலும் அறுவடையிலும் உழவருக்கு விடுப்பு இருக்கட்டும். ஓய்வு கேட்பவரைக் கோழையென்று ஏசாதிருப்போம்.

நாளையென்று தள்ளவேண்டாம். இக்கூட்டம் கலையுமுன், ஒவ்வொரு பொறுப்பாளரும் தமக்கடுத்தவரின் பெயரை எழுதித் தருவோமாக!