பெயரில் என்ன இருக்கிறது, பிள்ளைகளே?

(மகா சிவராத்திரி இரவு, இரண்டாம் காலப் பூசைக்குப் பின் ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரை)



சிவராத்திரி இரவில் இந்த மேடையில் நின்று வில்வ மரத்து வேடன் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். இவ்வாண்டு வேறொரு செடியைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். கஞ்சாச் செடி. சந்நிதிக்கு எதிரே இந்தச் சொல்லைச் சொல்லலாமா என்று குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நாம் இங்கே சொல்லக் கூசுகிற சொல்லை நம் வீட்டுப் பிள்ளைகள் கூசாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பேச்சு.

கடந்த தீபாவளிக்கு என் பழைய மாணவன் ஒருவன் வீட்டிற்கு வந்தான். வயது இருபத்திரண்டு. முறுக்கு தின்றபடியே கைப்பேசியைக் காட்டினான். அதில் ஒரு பட்டியல். அங்காடியில் அரிசி வகைகளை எழுதி வைப்பதுபோல, எந்தச் செடி குட்டையாக வளரும், எது சீக்கிரம் பூக்கும், எது தூக்கம் தரும், எது உற்சாகம் தரும் என்று கட்டம் கட்டி எழுதியிருந்தது. “இது இந்திகா வகை சார். உடம்புக்கு ஒன்னும் செய்யாது, நல்லா தூக்கம் வரும். பேரே இந்தியாவோட பேரு சார். சிவனோட மூலிகை. நம்ம தாத்தாமார் காலத்துல இருந்தே இருக்குதானே?” என்றான்.

முப்பத்தாறு ஆண்டு ஆசிரியராக இருந்த எனக்கு அன்று பதில் வரவில்லை. “தப்புடா தம்பி” என்று மட்டும் சொன்னேன். ஏன் தப்பு என்று சொல்லத் தெரியாத ஆசிரியரை மாணவன் எப்படிப் பார்ப்பான்? அப்படித்தான் என்னைப் பார்த்தான். அவன் போன பிறகு நூல்நிலையத்திற்குப் போய்ப் படித்தேன். படித்ததை உங்கள்முன் வைக்கிறேன்.

முதலில், பெயர். 1753இல் சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயஸ் இச்செடிக்குக் கன்னாபிஸ் சட்டைவா என்று பெயரிட்டார். சட்டைவா என்றால் பயிரிடப்படுவது. அவர் அறிந்தது ஐரோப்பாவில் நாருக்காக வளர்த்த செடி. 1785இல் பிரெஞ்சு அறிஞர் லாமார்க், இந்தியாவிலிருந்து வந்த செடியைப் பார்த்து, இது வேறு இனம் என்று கருதி, கன்னாபிஸ் இந்திகா என்றார். இந்திகா என்றால் இந்தியாவைச் சேர்ந்தது.

இங்கேதான் வேடிக்கை. லாமார்க் எழுதிய இந்தியச் செடிக்கு இலை ஒடுக்கமானது. கேரளத்து மலைகளில் வளர்வதும் அப்படித்தான்: உயர்ந்து, கிளை பரப்பி, மெதுவாகப் பூக்கும். இன்று வணிகர்கள் இந்திகா என்று விற்பதோ வேறு. ஆப்கானிஸ்தானத்து இந்துகுஷ் மலைப்பக்கத்துச் செடி அது. வறண்ட நிலம், குறுகிய கோடை. ஆகவே அது குட்டையாக, அகன்ற கரும்பச்சை இலையோடு, விரைவில் பூத்து முடிந்துவிடும். அந்த விதைகள் 1970களில் மேல்நாட்டுக்குப் போயின. அங்கே ஒன்றோடொன்று கலந்து நூற்றுக்கணக்கான வகைகளாயின. உயரமான தென்னாட்டுச் செடியை இப்போது அவர்கள் சட்டைவா என்கிறார்கள். அதாவது, உண்மையான இந்தியச் செடிக்கு இந்தியப் பெயர் இல்லை. இந்தியப் பெயர் வைத்து விற்பது இந்தியச் செடி இல்லை!

சரி, வளர்ப்பில் வேறுபாடு உண்டென்றால் விளைவிலும் வேறுபாடு இருக்குமல்லவா? குட்டைச் செடி தூக்கம் தரும், நெட்டைச் செடி ஊக்கம் தரும் என்கிறார்களே? கனடா நாட்டு ஆய்வாளர்கள் 2015இலும் 2021இலும் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். விற்பனைப் பெயர் பல நேரம் செடியின் மரபோடு பொருந்தவில்லை. ஒரே பெயரில் இருவர் விற்றது ஒரே செடியாக இருக்குமென்ற உறுதியும் இல்லை. இந்திகா, சட்டைவா என்ற பிரிவு பெரும்பாலும் வாசனை தரும் சில பொருள்களைத்தான் குறிக்கிறது. மரபின் முழு அமைப்பில் அப்படி ஒரு தெளிவான கோடு இல்லை என்று கண்டார்கள். குட்டை, நெட்டை என்ற உருவத்தை வைத்து மனத்துக்குள் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. பட்டியலில் இருந்த கட்டங்கள் கடைக்காரர் போட்டவை.

அப்படியானால் எதைப் பார்க்க வேண்டும்? உள்ளே இருக்கும் சத்தின் அளவை. மயக்கம் தரும் பொருளுக்கு டி.எச்.சி. என்று சுருக்கப் பெயர். 1964இல் இஸ்ரேலில் மெக்கூலம் என்ற அறிஞரும் அவர் கூட்டாளியும் அதைப் பிரித்தெடுத்தார்கள். அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவை ஆண்டுதோறும் சோதித்தபோது, 1995இல் சராசரி ஏறக்குறைய 4 விழுக்காடு இருந்தது, 2014இல் ஏறக்குறைய 12 விழுக்காடு ஆயிற்று. பத்தொன்பது ஆண்டில் மூன்று மடங்கு. கள்ளுக்கும் சாராயத்துக்கும் உள்ள தூரத்தை நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டும் குடிதான். ஆனால் கள் குடித்த அளவுக்குச் சாராயம் குடித்தவன் லயத்துக்குத் திரும்பி நடந்து வந்ததில்லை.

2019இல் ஐரோப்பாவின் பல நகரங்களிலும் பிரேசிலிலும் நடந்த ஓர் ஆய்வு வெளியாயிற்று. 10 விழுக்காடோ அதற்கு மேலோ சத்துள்ள கஞ்சாவை நாள்தோறும் பயன்படுத்தியவரிடம், பயன்படுத்தாதவரைவிட மனச்சிதைவு போன்ற நோய் ஏறக்குறைய ஐந்து மடங்கு கூடுதலாகக் காணப்பட்டது. எல்லாருக்கும் வரும் என்று இதற்குப் பொருளில்லை. யாருக்கு வரும் என்று முன்கூட்டித் தெரியாது என்பதே பயம். வளரும் மூளைக்கு இந்த ஆபத்து அதிகம்.

மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. 1893இல் பிரிட்டிஷ் இந்திய அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. 1,193 பேரிடம் சாட்சியம் பெற்று, மிதமாகப் பயன்படுத்துவோருக்குப் பெரிய தீங்கு காணவில்லை, முழுத் தடை வேண்டாம் என்றே 1894இல் எழுதியது. இதே செடியில் உள்ள சி.பி.டி. என்ற மயக்கம் தராத பொருளிலிருந்து செய்த மருந்துக்கு, குழந்தைகளின் கடுமையான வலிப்பு நோய்க்காக 2018இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. இவற்றை நாம் சொல்லாவிட்டால், பிள்ளை கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான். பிறகு நாம் சொன்ன மற்ற எதையும் நம்பமாட்டான். ஆனால் அந்தக் குழு கண்டது அக்காலத்துச் செடி, அக்காலத்து வழக்கம். மருத்துவர் அளந்து தரும் சொட்டு வேறு. தெருவில் பெயர் சொல்லி விற்பது வேறு.

அடுத்து, சிவனின் மூலிகை. காசியில் சிவராத்திரிக்குப் பாங்கு அருந்தும் வழக்கம் உண்டு, உண்மை. அது இலையை அரைத்துப் பாலில் கலப்பது. 1985ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் பூவையும் பிசினையும் தடுத்து, பூவின்றி இருக்கும் இலையை விட்டுவைத்தது. அதனால் அங்கே அரசு உரிமம் பெற்ற பாங்குக் கடைகளும் இருக்கின்றன. அது அந்த ஊர், அந்த நாட்டுச் சட்டம். நம் ஆலயத்தில் இன்றிரவு நான்கு காலத்துக்கும் இறைவனுக்குப் போவது வில்வம், பால், தேன், திருநீறு. பட்டியலில் வேறொன்றும் இல்லை. ஐயன் நஞ்சை உண்டதைச் சொல்கிறீர்களா? உலகத்தார் அதை உண்ணாமல் இருக்கத்தானே அவர் உண்டார்? அதையும் கழுத்தோடு நிறுத்திக்கொண்டார். நீலகண்டன் பெயரைச் சொல்லி நாம் விழுங்கலாம் என்பது எந்தக் கணக்கு?

மூன்றாவது, சட்டம். வடமாநிலங்களில் இருக்கும் நமக்கு எல்லை அருகில். சயாம் 2022 ஜூன் 9 அன்று கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. ஹாட்யாய்க்குச் சாப்பிடப் போன பிள்ளைகள் கடைத்தெருவில் பச்சை இலைப் படத்தைப் பார்த்தார்கள். 2025 ஜூனில் அங்கேயே மருந்துச் சீட்டு வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது. அங்கே எது மாறினாலும் நம் நாட்டின் 1952ஆம் ஆண்டுச் சட்டம் நம் பக்கத்தில் நிற்கிறது. 200 கிராம் கையில் இருந்தால் கடத்தியதாகவே சட்டம் கருதும். இல்லை என்று மெய்ப்பிப்பது பிடிபட்டவர் பொறுப்பு. 2023 ஜூலையிலிருந்து தூக்கு கட்டாயமில்லை. ஆயினும் தூக்கு போகவில்லை. அது இல்லாவிட்டால் ஆயுள் சிறையும் பிரம்படியும். சிங்கப்பூரில் தூக்குக்கான எல்லை 500 கிராம். அதன் குடிமக்கள் வெளிநாட்டில் பயன்படுத்தினாலும் குற்றம். நீதிமன்றத்தில் இந்திகாவா சட்டைவாவா என்று யாரும் கேட்பதில்லை. தராசில் எத்தனை கிராம் என்றுதான் கேட்பார்கள்.

அன்பர்களே, இதுவரை சொன்னது படித்தது. இனிச் சொல்வது நான் செய்த பிழை.

நம் ஆலயத்தில் வெள்ளிதோறும் தோரணம் கட்டிய ஓர் அன்பர் இருந்தார். பெயர் வேண்டாம். மாவிலையை அவர் மடிக்கும் அழகை நின்று பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய மகன் இந்தப் பொருளோடு பிடிபட்டான். சிறிய அளவுதான். செய்தி ஊரில் பரவியது. அடுத்த வெள்ளி அவர் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. அவர் வீடு என் வீட்டிலிருந்து நான்கு தெரு. நான் போகவில்லை. போய் என்ன பேசுவது என்று தயங்கினேன். உண்மையைச் சொன்னால், ஆலயத்தின் பெயரையும் என் பெயரையும் நினைத்தேன். ஓராண்டு கழித்துச் சந்தையில் பார்த்தபோது, “வாத்தியாரய்யா, தப்பு பண்ணது அவன். கோயிலுக்கு வர எனக்கும் தகுதி போச்சா?” என்று கேட்டார். நான் கையிலிருந்த கீரைக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாளே அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு வருடம் தாமதம். பையனும் இருந்தான். நான் அறிவுரை சொல்லவில்லை, தேநீர் குடித்தோம். அந்த வெள்ளி அப்பா வந்தார். பையன் வர இன்னும் ஆறு மாதம் ஆயிற்று. இன்று இந்த மண்டப வாசலில் தொங்கும் தோரணத்தில் அவன் கட்டியதும் இருக்கிறது. அதை அவனிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கேட்டால், “தப்பு” என்று மட்டும் சொல்லி வாயடைக்காதீர்கள். ஏன் என்று சொல்லுங்கள்; தெரியாவிட்டால் சேர்ந்து படியுங்கள். பழக்கம் வந்துவிட்டால் மறைக்காதீர்கள். தாமே முன்வந்து சிகிச்சை கேட்பவருக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனத்தின் மையங்களில் கேட்கலாம். போக வெட்கமாக இருந்தால் என்னை அழையுங்கள், கூட வருகிறேன். இம்முறை ஓராண்டு காத்திருக்கமாட்டேன்.

நன்கொடையாளப் பெருமக்களுக்கும் ஒரு சொல். கோபுர வண்ணத்துக்குக் கொடுக்கிறீர்கள், அன்னதானத்துக்குக் கொடுக்கிறீர்கள். ஞாயிறு வகுப்பு முடிந்தபின் இளையோர் உட்கார்ந்து பேச ஓர் அறையும், கேட்க ஒரு மனநல ஆலோசகரும் வேண்டும் என்று குழுவில் கேட்டிருக்கிறேன். அதற்கும் ஒரு கை கொடுங்கள். அந்த அறைக்கு யார் பெயரும் வைக்க வேண்டாம். பெயர் பெரிதில்லை என்பதைத்தானே இவ்வளவு நேரம் பேசினேன்!

மூன்றாம் காலப் பூசைக்கு மணி அடிக்கப்போகிறது. தீபாவளிக்கு வந்த என் மாணவன் இப்போது பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். தம்பி, அன்று சொல்லாத பதில் இதுதான்.

எல்லாம் வல்ல எம்பெருமான் திருவருள் நம் பிள்ளைகளைக் காக்கட்டும் என்று வேண்டி அமைகிறேன்.