தொலைவில் நின்று அழுவோர்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

ஆண்டு விழா மகிழ்ச்சிக்குரிய நாள். இசையும் நாடகமும் முழங்கும் இம்மேடையில் இவன் துயரத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று சிலர் எண்ணக்கூடும். நான் புலவனல்லேன்; பத்தாம் வகுப்பைத் தாண்டாத ஓர் இரயில்வே குமாஸ்தா. ஆயினும் உங்களை ஒன்று கேட்கின்றேன். நள்ளிரவில் தொலைபேசி ஒலித்தால் நெஞ்சம் நடுங்காதவர் இக்காலனியில் எவரேனும் உளரோ? முதிய பெற்றோரை ஊரில் விட்டுவந்த ஒவ்வொருவர் உள்ளத்திலும் அவ்வச்சம் குடியிருக்கின்றது. மகிழ்ச்சிக்கு ஒன்று கூடும் சங்கம் துயருக்கும் துணை நிற்றல் வேண்டும் என்பதே இவ்வுரையின் கருத்து.

துயரை நம் முன்னோர் மறைத்தாரல்லர். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் அழுகையையும் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் காரணங்கள் நான்கினுள் இழவையும் ஒன்றாக எண்ணினார். தலைவனை இழந்தோர் செயலற்று வருந்துவதற்குக் கையறுநிலை என்று ஒரு துறையே வகுத்தனர். பாரி மாண்டபின் அவன் மகளிர் பாடிய பாட்டு புறநானூற்றில் இருப்பதை நாம் பள்ளியிலேயே படித்திருக்கின்றோம். அம்மகளிர் தந்தையை மட்டும் இழக்கவில்லை; தங்கள் குன்றையும் இழந்தனர். ஊரைப் பிரிந்து வாழும் நமக்கு அவ்விரட்டைத் துயரம் விளங்காததன்று.

நம் ஊர்களில் ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் நடப்பதை எண்ணிப் பாருங்கள். சாதிக்குச் சாதி, ஊருக்கு ஊர் முறைகள் வேறுபடலாம்; உள்ளீடு ஒன்றே. அந்த வீட்டில் அடுப்பு எரியாது. உண்ணும் சோறு அண்டை வீட்டிலிருந்தும் உறவினர் வீட்டிலிருந்தும் வரும். எவரையும் அழைக்க வேண்டியதில்லை. நல்லதற்கு அழைத்தால் போதல், கெட்டதற்கு அழையாமலே போதல் என்பது நம் வழக்கு. பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பர். இறந்தவர் செய்த நன்மை, பட்ட பாடு, தீராத மனக்குறை யாவும் அதில் வெளிப்படும். பின்னர்ப் பால் தெளித்தல், பதினாறாம் நாள் கருமாதி என ஒவ்வொன்றாக வந்து, அழுதவரைக் கைப்பிடித்து அன்றாட வாழ்க்கைக்குத் திருப்பி அழைத்து வரும்.

இங்கு நம் நிலை யாது? கரக்பூரிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 1,550 கிலோமீட்டர். செய்தி கேட்டவுடன் வண்டி ஏறினாலும் சென்னை சேர ஏறக்குறைய ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். திருநெல்வேலிச் சீமைக்காரருக்கு மேலும் ஓர் இரவு. 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றது. அதற்கு முன்பு, தந்தி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்வோர் உண்டு. இன்று செய்தி நொடியில் வருகின்றது. ஆனால் உடல் அவ்வளவு விரைவில் செல்ல இயலவில்லை. தாயின் இறுதி ஊர்வலத்தைக் கைப்பேசியின் சிறு கண்ணாடியில் கண்டு அழுதவர்கள் இவ்வவையிலேயே இருக்கின்றனர்.

2020 மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றின் காரணமாகப் பயணிகள் வண்டிகள் நின்றதை இரயில்வே குடும்பத்தார் நாம் மறப்போமா? சரக்கு வண்டிகள் அரிசியும் நிலக்கரியும் ஏற்றிக்கொண்டு ஓடிக்கொண்டேயிருந்தன. அவற்றை ஓட்டிய கைகளும், கணக்கெழுதிய கைகளும் நம்முடையவை. ஆனால் தந்தையின் முகத்தைக் கடைசி முறை காண விரும்பியவர்க்கு ஏறிச்செல்ல ஒரு வண்டி இல்லை.

2023 ஜூன் 2ஆம் நாள் பாலேசுவர் மாவட்டத்துப் பாகனகா பஜாரில் நேர்ந்த விபத்தும் நம் நெஞ்சை விட்டு அகலாதது. நாம் ஊருக்குச் செல்லும் அதே கோரமண்டல் விரைவு வண்டி! 290க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். புகைப்படத்தைக் கையில் ஏந்தி மருத்துவமனை மருத்துவமனையாக உறவினர் அலைந்தனர். உரிமை கோர எவரும் வாராத 28 உடல்கள் புவனேசுவரத்தில் நான்கு மாதங்கள் காக்கப்பட்டு, அக்டோபரில் தகனம் செய்யப்பெற்றன. உடலைக் காணாதவனுக்குச் சாவை நம்புவது அரிது. பாலின் போஸ் என்னும் அமெரிக்க அம்மையார் இதனை முடிவு தெரியா இழப்பு எனக் கொண்டு பல்லாண்டு ஆராய்ந்தார். கடைசி முகம் காணாத நம்மவர் துயரிலும் இதன் சாயல் உண்டு.

துயரத்திற்கு ஐந்து படிகள் உண்டு, ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக் கடந்துவிடலாம் என்று பலர் கூறக் கேட்டிருப்பீர்கள். 1969இல் எலிசபெத் கூப்ளர் ராஸ் என்னும் மருத்துவ அம்மையார் எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பற்றியது. துயருற்றோர் எல்லோரும் அவ்வரிசையில் நடப்பதில்லை. 1999இல் ஸ்ட்ரோப், ஷூட் என்னும் அறிஞர் இருவர் உரைத்தது நம் அனுபவத்தோடு ஒத்துவருகின்றது. துயருற்றவர் ஒருநேரம் இழப்பில் மூழ்குவர், மறுநேரம் அடுப்படியையும் அலுவலகத்தையும் கவனிப்பர், மீண்டும் மூழ்குவர். ஊஞ்சல் போன்ற இவ்வாட்டமே நலம் பெறும் வழி என்றனர். ஆகவே, மனைவியை இழந்தவர் மறுவாரம் சிரித்தால் அவரைக் கல்நெஞ்சர் என்னாதீர். ஓராண்டு கழித்து ஒருவர் விம்மினால், இன்னுமா என்று கேளாதீர். ஆனால் பல மாதம் கடந்தும் உண்ணாமலும் உறங்காமலும் அன்றாட வேலை செய்ய முடியாமலும் ஒருவர் தவித்தால், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப் பட்டியலில், ஆறு மாதத்திற்கு மேலும் நீடித்து வாழ்வை முடக்கும் துயரைச் சேர்த்துள்ளது. அதற்கு மருத்துவம் பெறுவதில் வெட்கம் வேண்டா.

ஊரில் அழுபவனைச் சுற்றியிருப்போர் இறந்தவரை அறிந்தோர். இங்கோ, மொட்டைத் தலையுடன் திரும்பி மறுநாள் கையெழுத்திட்டு வேலைக்கு அமரும் நம் நண்பரின் அன்னையை இங்குள்ளோர் எவரும் கண்டதில்லை. நம்மவர் துயரின் தனிமை இதுதான். எனவே, எல்லாம் விதி, மனத்தைத் தேற்றிக்கொள் என்று சொல்லி விரைந்து எழுந்து வராதீர். உங்கள் அம்மா எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் சொல்லச் சொல்ல, அந்த அம்மையார் நமக்கும் அறிமுகமாவார்.

எங்கள் தெருவில் கணவரை இழந்த ஒரு மூதாட்டிக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. அடுத்த வீட்டு வங்காள அம்மையார்க்குத் தமிழ் தெரியாது. பதினைந்து நாள் மாலைதோறும் வந்து கையைப் பற்றிக்கொண்டு அமர்ந்திருந்தார் அவ்வம்மையார். துயர் விசாரிக்க மொழி ஒரு தடையன்று என்பதை அன்று கண்டேன்.

நம் சங்கத்திற்கு நான் வைக்கும் வேண்டுகோள் இதுவே. தெருவுக்கு மூன்று குடும்பங்கள் பொறுப்பேற்கட்டும். செய்தி வந்தவுடன் ஒருவர் பயணச்சீட்டைப் பார்க்கட்டும், ஒருவர் தேர்வெழுதும் பிள்ளைகளையும் வீட்டுச் சாவியையும் பார்த்துக்கொள்ளட்டும், ஒருவர் உணவளிக்கட்டும். சாவு இங்கேயே நேர்ந்தால், மருத்துவமனையிலும் சுடுகாட்டிலும் மொழி தெரிந்த ஒருவர் உடன் நிற்கட்டும். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிய வேண்டும். அழும் வீட்டாருக்கு அது நினைவிருக்காது, நாம் நினைவூட்டுவோம். ஊருக்குச் செல்ல இயலாதவர் வீட்டில், ஊரில் காரியம் நடக்கும் நாளன்று விளக்கேற்றி, பத்துப் பேர் கூடி அமர்வோம். குழந்தைகளிடம் தாத்தா வெளியூர் சென்றுள்ளார் என்று பொய் கூறாது, உண்மையை மெல்லச் சொல்வோம். கணவரை இழந்த சகோதரிகளை நம் விழாக்களில் பின்வரிசைக்குத் தள்ளாது, முன்னே அழைத்து விளக்கேற்றச் செய்வோம்.

பிழைப்புக்காக வந்த இடத்தில் உற்றார் இல்லை என்பது மெய். உற்றாராக ஆவதற்கு எவரும் தடையில்லை என்பதும் மெய். இப்பொறுப்பை ஏற்க விரும்பும் குடும்பத்தார், இன்றே செயலாளரிடம் தம் பெயரைப் பதிந்து செல்லுமாறு கேட்டுக்கொள்கின்றேன்.